வளவுக் கிணறும் வகுப்பறையும்: நற்பிட்டிமுனைச் சிறார் தூய நீரைக் கற்கும் முறை

அம்பாறைக் கரையோரத்தில் நீர் அதிக ஆழத்தில் இல்லை. கல்முனை நகருக்கு மேற்கே, கடற்கரை மணற்பரப்பு தாழ்ந்து வயல்வெளியைத் தொடும் பக்கத்தில் நற்பிட்டிமுனை அமைந்துள்ளது. இப்பகுதி வளவுக் கிணறுகளில் மாரி காலத்தில் நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறி நிற்கும். கோடையில் அது சில வளையங்கள் கீழிறங்கும். நீர் இத்தனை அருகில் கிடைப்பது இக்கரையோர மக்களுக்கு வாய்த்த பெரும் பேறு. ஆனால் தரையில் சிந்துவது நிலத்தடி நீரைச் சென்றடையும் தூரமும் அதே அளவு குறுகியது. எளிதில் கிடைக்கும் நீர் எளிதில் கெடும் என்ற உண்மையை ஒரு பிள்ளை தன் வீட்டுக் கிணற்றடியிலேயே காண முடியும். ஆரம்பப் பிரிவில் தூய நீர் பற்றிய கல்வி தொடங்க வேண்டிய இடம் அதுவே.

நிலமும் நீரும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊரோடு ஊர் ஒட்டிய நெருக்கமான குடியிருப்புத் தொடர் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயல்களுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. நற்பிட்டிமுனை கல்முனை மாநகர சபை எல்லைக்குள் வருகிறது. முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் ஊர் இது. முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் அல்-அக்ஸா மகா வித்தியாலயமும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் சிவசக்தி மகா வித்தியாலயமும் இங்கு உள்ளன.

ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி காலத்தில் பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் வயல்களும் தாழ்நிலங்களும் வெள்ளக்காடாகும். கல்முனையை நாவிதன்வெளியோடு இணைக்கும் கிட்டங்கி வீதியை நீர் மேவிப் பாய்ந்து போக்குவரத்து தடைப்படுவது இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. பின்னர் வரும் நீண்ட கோடையில் மழை மிகக் குறைவு. நான்கு மாதத்தில் வானம் தருவதை மணல் வாங்கிச் சேமித்து எஞ்சிய எட்டு மாதங்களுக்கும் கொடுக்கிறது.

இலங்கையின் நிலத்தடி நீர்ப்படுகைகளை ஆய்வாளர்கள் ஆறு பெரும் வகைகளாகப் பிரித்துள்ளனர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் படுகை அவற்றுள் ஒன்று. கற்பிட்டி, மன்னார் போன்ற இடங்களில் காணப்படும் கரையோர மணற்படுகை இன்னொன்று. மணற்படுகை மழையை விரைவாக உள்வாங்கும், தோண்டியவுடன் நீரைத் தரும். மேலிருந்து வரும் அழுக்கையும் அதே விரைவில் உள்ளே விடும்.

“கிடைத்தல்” என்பதன் பொருள்

2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்த உரிமை எவ்வளவு தூரம் நிறைவேறியுள்ளது என்பதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்து கணக்கெடுத்து வருகின்றன. அந்தக் கணக்கில் “பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்” என்று கொள்ளப்பட, நீர் மேம்பட்ட மூலத்திலிருந்து வீட்டு வளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் இருக்க வேண்டும், மலக்கிருமிகளும் தீங்கான இரசாயனங்களும் இல்லாதிருக்க வேண்டும். போய், வரிசையில் நின்று, திரும்பிவர 30 நிமிடத்துக்கு மேற்படாத தூரத்தில் மேம்பட்ட மூலம் இருந்தால் அது “அடிப்படை வசதி” எனப்படும். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் இல்லை. வளவுக்குள் நீர் இல்லாத வீடுகளில் 10இல் 7 வீடுகளில் தண்ணீர் சுமப்பவர்கள் பெண்களும் சிறுமிகளுமே.

இந்த உரிமையையும் வரைவிலக்கணத்தையும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நான்கு கேள்விகளாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எல்லா நாளும் இருக்கிறதா? குடித்தால் நோய் வராதா? எல்லோருக்கும் இருக்கிறதா? கரையோரப் பிள்ளை முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் உடனே விடை சொல்லிவிடும். மூன்றாவதற்குக் கண்ணால் பார்த்து விடை சொல்ல முடியாது. நான்காவதற்கு வேலிக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். பாடத்தின் கனம் பின்னிரண்டு கேள்விகளிலேயே தங்கியிருக்கிறது.

பாடத்திட்டத்தில் நீரின் இடம்

இலங்கையில் தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. தரம் 1, 2 முதலாம் நிலை, தரம் 3, 4 இரண்டாம் நிலை, தரம் 5 மூன்றாம் நிலை. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் கற்றல் முறைகளாக ஏற்றது. சிறிய வகுப்புகளில் விளையாட்டு மேலோங்கி, தரம் 5இல் எழுத்து வேலை மேலோங்கும் வகையில் அவை அமைகின்றன. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு “சுற்றாடல்சார் செயற்பாடுகள்” என்ற பாடமும் முதன்மைப் பாடமாக உள்ளது. நீர், காற்று, உணவு, சுகாதாரம் முதலியவை பிள்ளை வாழும் சூழலிலிருந்தே இப்பாடத்தில் கற்பிக்கப்படுகின்றன.

பாடநூல் நாடு முழுவதற்கும் ஒன்று. நுவரெலியாவின் பீலி, அநுராதபுரத்தின் குளம், கொழும்பின் குழாய், கல்முனையின் வளவுக் கிணறு ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதப்படும் நூலில் ஒவ்வொன்றின் தன்மையும் விரிவாக இடம்பெற முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. நற்பிட்டிமுனை வகுப்பறையில் நீர் பாடத்துக்கு வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. மணல், கண்ணாடிப் போத்தல், உப்பு, சாயம், வாளி, கிணறு என எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது?

நிலத்தடி நீர் பூமிக்குள் ஆறாக ஓடுகிறது அல்லது குளமாகத் தேங்கி நிற்கிறது என்று சிறுவர் பொதுவாக நினைப்பதை உலகின் பல பகுதிகளில் நடந்த கல்வி ஆய்வுகள் காட்டியுள்ளன. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. மணலுக்கும் மணலுக்கும் இடையிலான சிறு வெளிகளில் நீர் நிறைந்து நிற்கிறது என்பதைச் சொல்லால் மட்டும் நம்பவைப்பது கடினம்.

அகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் கடற்கரை மணலை முக்கால் பங்குக்கு நிரப்பி, நடுவில் அடியும் மேலும் திறந்த, பக்கமெல்லாம் துளையிட்ட ஒரு சிறு குழாயைச் செருகினால் அது கிணறாகிவிடும். மேலிருந்து மெல்லத் தண்ணீர் தெளிக்கும்போது மணல் அடியிலிருந்து நிறம் மாறி ஈரமாகி வரும். குழாய்க்குள் நீர் சுற்றியுள்ள மணலின் ஈர மட்டம் வரை எழும், அதற்கு மேல் ஏறாது. கிணறு தனக்கென நீரை வைத்திருக்கவில்லை, சுற்றியுள்ள மணலின் நீர்மட்டம் அதன் வழியே தெரிகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாடியின் பக்கவாட்டில் பார்த்தே புரிந்துகொள்வர்.

இரண்டாவது குழாய் ஒன்றைப் பாத்திரத்தின் மறுபக்கத்தில் செருகி, முதற்குழாயிலிருந்து உறிஞ்சி எடுக்கும்போது மற்றதன் மட்டமும் இறங்கும். அடுத்த வளவில் மோட்டார் போட்டு இறைத்தால் தங்கள் கிணறு ஏன் இறங்குகிறது என்பதற்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கடைசியாக, இரு குழாய்களுக்கும் நடுவே மணலின் மேல் சில துளி சிவப்புச் சாயத்தை விட்டு மீண்டும் “மழை” தெளிக்க வேண்டும். சாயம் கீழிறங்கி, இறைக்கும் குழாயை நோக்கிச் சாய்ந்து, சிறிது நேரத்தில் கிணற்று நீரை நிறம் மாற்றும். ஒரு வளவின் அழுக்கு அந்த வளவோடு நிற்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை.

தெளிவும் தூய்மையும்

தெளிந்த நீர் தூய நீர் என்ற எண்ணம் பெரியவர்களிடமும் உண்டு. மணல் நன்றாக வடிகட்டிவிடுவதால் கரையோரக் கிணற்று நீர் பளிங்குபோல் தெரியும். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் அந்தத் தெளிவுக்குள்ளும் இருக்கக்கூடும். மனித மலத்திலிருந்து புறப்பட்டு, நீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போவதே இந்நோய்கள் பரவும் வழி.

1854இல் இலண்டனின் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் ஜோன் சினோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். மரணங்கள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அந்த நீர் பார்வைக்கு மோசமானதாகத் தெரியவில்லை. கிருமியைக் கண்ணால் காணாமலே, வரைபடத்தாலும் கேள்விகளாலும் நோயின் மூலத்தைக் கண்டுபிடித்த இந்தக் கதை தரம் 4, 5 மாணவர் ஆர்வத்தோடு கேட்கக்கூடியது.

கிருமி இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண எளிய சோதனை ஒன்று உண்டு. இந்திய ஆய்வாளர்கள் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் 1982இல் அதை வெளியிட்டனர். குறிப்பிட்ட ஊட்டப்பொருள்களில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு உள்ள சிறு போத்தலில் சோதிக்க வேண்டிய நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். மலத்தோடு தொடர்புள்ள நுண்ணுயிர்கள் பல ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடும். அது காகிதத்திலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். இன்று காலை கண்ணாடிபோல் இருந்த நீர் நாளை அல்லது மறுநாள் மைபோலக் கறுத்து நிற்பதைப் பார்த்த பிள்ளை “தெளிவு வேறு, தூய்மை வேறு” என்பதை மறக்காது. இதை ஆசிரியரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ செய்து காட்ட வேண்டும். போத்தலைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் குளோரின் ஊற்றி அழித்துவிட வேண்டும். இது சந்தேகத்தை எழுப்பும் சோதனை மட்டுமே, முடிவான விடையை ஆய்வுகூடமே தரும். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614, 100 மில்லிலீற்றர் நீரில் ஈ. கோலை பற்றீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது.

கிணறும் மலக்குழியும்

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 30 மீற்றர் இடைவெளி இருப்பது நல்லது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் பொது அறிவுரை. மண்ணின் தன்மை, நீர்மட்டம், நிலச் சரிவு ஆகியவற்றைப் பொறுத்து இத்தூரம் கூடலாம், குறையலாம். இந்த அளவைக் கல்முனைப் பகுதி வளவுகளோடு பொருத்திப் பார்ப்பது தரம் 5க்கு ஏற்ற கணக்கு.

ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். 10 பேர்ச்சஸ் வளவு 253 சதுர மீற்றர். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 22.5 மீற்றர். கிணற்றை ஒரு மூலையிலும் மலக்குழியை எதிர் மூலையிலும் வைத்தாலும் 30 மீற்றர் கிடைக்காது. மூலையில் வைத்த மலக்குழிக்கு மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு சில மீற்றர் தூரத்தில் இருக்கலாம். காணி துண்டுபட்டுத் துண்டுபட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்படும் ஊர்களில் இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது. ஒரு குடும்பம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தனியே தன் கிணற்றைக் காக்க முடியாத நிலை இது. மலக்குழியின் அடியை இறுக்கிக் கட்டுவதும், உரிய காலத்தில் கழிவை அகற்றுவதும், பொதுக் குடிநீர்த் திட்டமும் ஏன் தேவை என்பதற்கு ஒரு மீற்றர் கோலும் ஒரு தாளும் போதிய சான்று.

கிருமிகளில் ஒரு பகுதியையேனும் மணல் தடுக்கலாம், நைத்திரேற்றை அது வடிகட்டுவதில்லை. மலக்குழியிலிருந்தும் வயலுக்கும் தோட்டத்துக்கும் இடும் உரத்திலிருந்தும் அது நீரில் கரைந்து வரும். கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் பச்சிளம் குழந்தைகளே இதனால் முதலில் பாதிக்கப்படுவர்.

கிணற்றைப் பார்வையிட உலக சுகாதார நிறுவனம் “ஆம்”, “இல்லை” எனக் குறிக்கும் எளிய கேள்விப் பட்டியல்களை வகுத்துள்ளது. அதே முறையில் மாணவர் தம் வீட்டுக் கிணற்றைப் பார்க்கலாம். கிணற்றுக் கட்டு வெடித்துள்ளதா? சுற்றிச் சீமெந்துத் தளம் இருக்கிறதா? குளித்த நீர் திரும்பவும் கிணற்றுக்குள் வடிகிறதா? வாளி நிலத்தில் கிடக்கிறதா, கொளுவியில் தொங்குகிறதா? மூடி அல்லது வலை உண்டா? மலக்குழி எத்தனை காலடித் தூரத்தில் உள்ளது? விடைகளைத் தொகுக்கும்போது வீட்டுக்காரர் பெயர் தாளில் வரக் கூடாது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலைகுனிய நேர்ந்தால் பாடம் தோற்றுவிடும். வகுப்பின் மொத்த எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி, எந்தக் குறை அதிகம், அதில் செலவின்றித் திருத்தக்கூடியது எது என்று பேசுவதே முறை.

உப்பு

1888ஐ அண்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் பாடோன் கைபனும், 1901இல் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் கரையோர நிலத்தடி நீர் பற்றி ஒரே விதியைக் கண்டனர். நன்னீர் கடல்நீரை விட இலகுவானது, ஆகையால் அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கோட்பாட்டளவில், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே 1 மீற்றர் குறைந்தால் கீழே 40 மீற்றர் இழக்கப்படும். அளவுக்கு மீறி இறைப்பவர் தன் கிணற்றின் கீழேயே உப்பை வரவழைக்கிறார்.

எவ்வளவு உப்பு கலந்தால் நீர் கெடும் என்பதும் வகுப்பில் செய்து பார்க்கக்கூடியது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உள்ளது. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் உப்புச் சுவை தெரியத் தொடங்கும். 100 குடம் நன்னீரில் 2 குடம் கடல்நீர் கலந்தால் லீற்றருக்கு 370 மில்லிகிராம் அளவுக்குப் போய்விடும். நூற்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம் கரையோர நன்னீர் எவ்வளவு மெல்லிய கட்டில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். கரையோரக் கிணறுகள் கடல்நீராலும் சேற்றாலும் நிரம்பின. பவுசர்களில் தண்ணீர் கொண்டுவந்து வீதியோரத் தாங்கிகளில் ஊற்றப்பட்டது. கிணறுகளை இறைத்துவிட்டால் நன்னீர் ஊறும் என்று மக்களும் உதவ வந்தவர்களும் மீண்டும் மீண்டும் இறைத்தனர். சுற்றியுள்ள மணலெல்லாம் உப்பாகியிருந்ததால் அதே உப்புநீரே திரும்ப ஊறியது. அளவுக்கு மிஞ்சிய இறைப்பு ஆழத்து உப்பை மேலே இழுத்தது. கிழக்குக் கரையில் பின்னர் நடந்த நீரியல் ஆய்வுகள், குப்பையையும் சேற்றையும் அகற்றிவிட்டு இறைப்பைக் குறைத்து, மாரி மழை மணலைக் கழுவி உப்பைக் கீழே தள்ளும்வரை காத்திருப்பதே தக்க வழி எனக் காட்டின. அந்தப் பேரலையின் பின் பிறந்த இன்றைய மாணவருக்கு இது வரலாறு. வீட்டு மூத்தவர்களிடம் “அப்போது தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டு எழுதிவருவது தாய்மொழிப் பாடத்துக்கும் பொருந்தும். குடும்பத்தில் உயிரிழப்பு நேர்ந்த பிள்ளைகள் இருக்கக்கூடும் என்பதால் அதை விருப்பப் பணியாகவே கொடுக்க வேண்டும்.

மலையிலிருந்து குழாய் வரை

கரையோரத்தின் குழாய்நீர் உள்நாட்டிலிருந்து வருகிறது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டது. அதன் நீர் வாய்க்கால்கள் வழியே அம்பாறைச் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. அம்பாறைக்கு அருகே கொண்டவட்டுவானில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கரையோர ஊர்களுக்குக் குழாய்நீரை அனுப்புகிறது.

சுத்திகரிப்பின் படிகளை வகுப்பில் சிறிய அளவில் காட்டலாம். கலங்கிய குளத்து நீரில் படிகாரம் சேர்த்துக் கலக்கினால் மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து கனத்து அடியில் படியும். மேல்நீரை மணலில் வடிகட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சும் கிருமிகளைக் குளோரின் கொல்லும். குழாயில் வரும் நீரில் லேசாகக் குளோரின் மணம் வருவது, வழியில் கிருமி சேராமல் காக்கும் மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

படிகாரத்துக்கு முன்பே நம்மவர் கலங்கல் நீரைத் தெளியவைக்க அறிந்திருந்தனர். பாத்திரத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசி நீர் ஊற்றுவது தமிழரின் பழைய முறை. அந்த மரத்தின் சிங்களப் பெயர் இங்கினி. கரையோரத்துக்கு நீர் தரும் இங்கினியாகலையின் பெயரும் இதே சொல்லோடு தொடங்குகிறது. தேற்றாங்கொட்டை கலங்கலைப் போக்கும், ஆனால் எல்லாக் கிருமிகளையும் அழிக்காது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்ற பாடம் இங்கும் மீள வருகிறது.

வீட்டில் நீரைப் பாதுகாத்தல்

கொதித்தாறிய நீர் இலங்கை வீடுகளில் பழகிய சொல். நீர் தளதளவென்று கொதித்தாலே நோய்க்கிருமிகள் மடிந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பும் நைத்திரேற்றும் கொதிப்பதால் போகா. நீர் ஆவியாகக் குறையும்போது அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

எரிபொருள் இல்லாத நேரத்தில் வெயில் உதவும். நிறமற்ற, கீறல் விழாத 1 அல்லது 2 லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் கிடத்தி வைத்தால் புற ஊதாக்கதிர்கள் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். வானம் மூடியிருந்தால் 2 நாட்கள் தேவை. போத்தலை நிமிர்த்திச் செய்தித்தாளின் தலைப்பின் மேல் வைத்து, மேலிருந்து நீரினூடாக எழுத்தை வாசிக்க முடிந்தால் நீர் இதற்குப் போதிய தெளிவுடையது. பெய்ரூட்டில் முதலில் ஆராயப்பட்ட இந்த முறையைச் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் உலகெங்கும் பரப்பினர். கிழக்கின் நீண்ட கோடைக்கு இது நன்கு பொருந்தும்.

வங்காளதேசத்தின் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. வாந்திபேதிக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களில் ஒட்டியிருப்பதால் துணி அவற்றைத் தடுத்தது. மற்ற நோய்க்கிருமிகளுக்கு இது போதாது.

தூய்மையாக்கிய நீர் மறுபடி கெடுவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். அகன்ற வாயுள்ள பானைக்குள் கோப்பையோடு கையும் தோய்கிறது. ஒடுங்கிய வாயுள்ள குடம், மூடி, நீண்ட காம்புள்ள அகப்பை, அல்லது கீழே பைப் பொருத்திய பாத்திரம் ஆகியவை இதற்குத் தீர்வு. ஆறு வயதுப் பிள்ளையும் நாளை முதல் வீட்டில் செய்யக்கூடிய மாற்றம் இது.

அளவும் பங்கும்

நபிகளார் ஒரு “முத்து” அளவு நீரில் வுழூ (தொழுகைக்கு முன் உடலுறுப்புகளைக் கழுவுதல்) செய்ததாக ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. ஷாஃபி மத்ஹபின் கணக்கில் அது ஏறத்தாழ 0.7 லீற்றர். நிமிடத்துக்கு 6 லீற்றர் பாயும் பைப்பை 3 நிமிடம் திறந்துவைத்தால் 18 லீற்றர் போகும். அது 25 பேர் வுழூச் செய்யப் போதுமான நீர். ஒரு வாளியும் அளவுகோப்பையும் கொண்டு பிள்ளைகள் இதைத் தாமே அளந்து பார்க்கலாம். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்கக் கூடாது, தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்ற நபிவழி அறிவுரைகள் சமய பாடத்தையும் சுற்றாடல் பாடத்தையும் ஒன்றாக்குகின்றன. கோயில் கேணியைப் புனிதமாகக் காக்கும் மரபில் வளரும் பிள்ளைகளுக்கும் இதே கருத்து தம் வழியில் புரியும்.

பாடசாலையின் தேவையும் கணக்காகும். பகல்நேரப் பாடசாலையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர், 25 மாணவியருக்கு ஒரு மலசலகூடம், 50 ஆண் மாணவருக்கு ஒரு மலசலகூடமும் சிறுநீர் கழிப்பிடமும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த அளவு. 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு நாளுக்கு 2,000 லீற்றர், அதாவது 1,000 லீற்றர்த் தாங்கி இரண்டு தேவை. 200 மாணவியர் இருந்தால் 8 மலசலகூடங்கள் வேண்டும். தம் பாடசாலையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் மாணவர், நீர் ஓர் உரிமை என்பதன் பொருளை எண்ணிக்கையில் உணர்வர். கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் இல்லாத பாடசாலையில் கைகழுவல் பாடம் வெறும் ஏட்டோடு நின்றுவிடும்.

பாடம் வீட்டைச் சேருகிறதா?

கராச்சியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, சவர்க்காரமும் கைகழுவும் பழக்கத்துக்கான ஊக்கமும் பெற்ற வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரிடம் வயிற்றோட்டம் 53 சதவீதம் குறைந்ததைக் கண்டது. கென்யாவின் நியான்சா மாகாணப் பாடசாலைகளில் நீர் சுத்திகரிப்பும் கைகழுவலும் கற்பிக்கப்பட்டபோது, மாணவரின் அறிவோடு பெற்றோரின் அறிவும் வீட்டுப் பழக்கமும் மேம்பட்டன. அதே மாகாணத்தில் 2012இல் வெளியான இன்னோர் ஆய்வில், இத்தகைய திட்டம் நடந்த பாடசாலைகளில் மாணவியர் பாடசாலைக்கு வராதிருக்கும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. ஆண் மாணவரிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. நீர் வசதியின் நன்மை எல்லோரையும் ஒரே அளவில் சேர்வதில்லை என்பதற்கு இது சான்று.

பிள்ளை வீட்டுக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் என்பது உண்மையே. ஆனால் பிள்ளையின் தோளில் பெரியவர்களின் பொறுப்பை ஏற்றிவிடக் கூடாது. கிணற்றை மூடுவதும் குடத்தை மூடுவதும் வீட்டால் ஆகும். மலக்குழிக் கழிவை முறையாக அகற்றுவது மாநகர சபையால் ஆகும். குழாய்நீரைத் தடையின்றித் தருவது நீர் வழங்கல் சபையால் ஆகும். வெள்ளத்தின் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழிநடத்த வேண்டும். எந்தக் குறைக்கு எவரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் தரம் 5 மாணவர் கற்க வேண்டிய பாடமே. ஊரின் பிரச்சினைகளுள் குறைந்தது ஒன்றை எடுத்து, உரிய பணிமனைக்கு வகுப்பாக ஒரு கடிதம் எழுதுவது தாய்மொழிப் பாடத்தின் கடிதப் பயிற்சிக்கும் உயிர் தரும்.

ஆரம்பப் பிரிவை முடித்து வெளியேறும் மாணவரிடம் எதிர்பார்க்கத்தக்கவை சில. கிணற்று நீர் சுற்றியுள்ள மணலின் நீரே என்று விளக்கத் தெரிய வேண்டும். தெளிவுக்கும் தூய்மைக்கும் வேறுபாடு சொல்லத் தெரிய வேண்டும். நீரைக் கொதிக்க வைக்கவும், வெயிலில் வைக்கவும், மூடிக் காக்கவும், ஒவ்வொன்றும் எதைப் போக்கும், எதைப் போக்காது என்று சொல்லவும் முடிய வேண்டும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை காலடியால் அளக்கவும், அந்த அளவு தம் வீட்டை மட்டும் பற்றியதாகாது என்று உணரவும் வேண்டும். நற்பிட்டிமுனையில் பாடசாலைகள் வேறு, வழிபாட்டிடங்கள் வேறு, வளவுகளுக்கு நடுவே மதில்கள் உண்டு. எல்லாக் கிணறுகளுக்கும் கீழே உள்ள மணலில் மதில் இல்லை. தன் வளவில் சிந்தும் அழுக்கு அயல்வீட்டுக் குடத்தில் போய்ச் சேரும் என்று அறிந்த பிள்ளை, வாளியை நிலத்தில் வைக்காமல் கொளுவியில் மாட்டும்போது அயலவர் குடிக்கும் நீரையும் சேர்த்தே காக்கிறது.